சமையலடுப்பு முதல் சனிக்கோள் வரை
ஆகன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பணிகள் – ஒரு பார்வை

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரியில் நிகழ்ந்த விழா ஒன்றின் முடிவில், முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம்மை அருகழைத்தார். தோல் வணிகத்தில் நாற்பதாண்டுக் காலம் உழைத்தவர். கல்லூரியின் வளர்ச்சிக்குப் பொருளும் நேரமும் ஈந்தவர். "தம்பி, நீங்கள் ஆய்வுப் பட்டம் பெற்றவர் என்று மேடையில் சொன்னார்கள். கேட்க மகிழ்ச்சியாக இருந்தது. நீங்கள் எழுதிய அந்த ஆய்வேட்டை இதுவரை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?" என்று வினவினார். அவர் வினாவில் ஏளனம் இல்லை. அறிந்துகொள்ளும் ஆர்வமே இருந்தது. நாம் மனத்துள் எண்ணிப் பார்த்தோம். நெறியாளர், தேர்வாளர், தட்டச்சு செய்தவர் என மூவர் தேறினர். நான்காமவர் நினைவுக்கு வரவில்லை.

கற்பித்தலையே முதற்பணியாகக் கொண்ட ஒரு கல்லூரியில் ஆய்வு எதற்கு, அது யாருக்கு, அதனை எங்கே வைப்பது என்னும் மூன்று வினாக்கள் அன்று முதல் நம் உள்ளத்தில் தங்கிவிட்டன. இவ்வினாக்களுக்கு விடை தேடுங்கால், கற்பித்தலையே முதற்கடனாகக் கொண்டு தோன்றி, பின்னர் ஆய்விலும் தடம் பதித்த நிறுவனம் ஒன்றின் வரலாறு நமக்குத் துணைநின்றது. செருமனி நாட்டின் மேற்கெல்லையில் உள்ள ஆகன் நகரின் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகமே அது. அதன் ஆய்வுகள் எத்துணைப் பலவாறாக விரிந்துள்ளன என்பதையும், அப்பன்மைக்குரிய காரணங்கள் யாவை என்பதையும், அதன்வழி நாம் பெறத்தக்க பாடம் யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பெயரும் பிறப்பும்

செருமானிய மொழியில் இவ்வகை நிறுவனத்திற்கு 'ஃபாக்ஹோக்ஷூலே' என்பது பெயர். 'ஃபாக்' என்பது குறிப்பிட்ட ஒரு துறையை உணர்த்தும். 'ஹோக்ஷூலே' என்பது உயர்கல்விக்கூடம். எனவே 'துறைசார் உயர்கல்விக்கூடம்' என்று இச்சொல்லைப் பெயர்த்துக்கொள்ளலாம். 1998ஆம் ஆண்டு முதல் இந்நிறுவனங்கள் ஆங்கிலத்தில் 'பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம்' எனப் பொருள்படும் பெயரைத் தாங்கி வருகின்றன.

இவற்றின் பிறப்புக்குப் பின்னால் மாணவர் கிளர்ச்சி ஒன்று உண்டு. 1960களில் செருமனியில் இயங்கிய பொறியியற் பள்ளிகளில் பயின்றோர், தம் பட்டயத்திற்கு உயர்கல்வித் தகுதி வேண்டுமெனப் போராடினர். 1968ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் மேற்குச் செருமனியின் மாநில முதலமைச்சர்கள் கூடி, இப்பள்ளிகளை உயர்கல்விக்கூடங்களாக மாற்ற உடன்பட்டனர். அதன் விளைவாக, 1971இல் ஆகன் நகரிலும் அதனை அடுத்த யூலிஷ் என்னும் சிற்றூரிலும் இருந்த பொறியியற் பள்ளிகள், கைவினைக் கலைப்பள்ளி, வணிகப் பள்ளி ஆகியன ஒன்றிணைக்கப்பட்டு இந்நிறுவனம் உருவாயிற்று. கட்டடக்கலை, கட்டுமானம், வேதியியலும் உயிரித் தொழில்நுட்பமும், வடிவமைப்பு, மின்னியல், வானூர்தி மற்றும் விண்வெளிப் பொறியியல், வணிகவியல், இயந்திரவியல், மருத்துவப் பொறியியல், ஆற்றல் தொழில்நுட்பம் எனப் பல புலங்கள் இன்று அங்கு உள்ளன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இதே ஆகன் நகரில் 1870இல் தொடங்கப்பெற்ற புகழ்மிக்க தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றும் உள்ளது. ஆகன் என்றதும் உலகம் நினைப்பது அப்பெரு நிறுவனத்தையே. ஆலமரத்தின் அருகே முளைத்த செடி போன்றது நாம் பேச எடுத்துக்கொண்ட நிறுவனம். ஆலமரத்தோடு போட்டியிடாமல், தனக்குரிய மண்ணைத் தேடி வேர்விட்டமையே அதன் தனிச்சிறப்பு எனலாம்.

கற்பித்தற் சுமையும் ஆய்வும்

பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒருவர், பருவக் காலத்தில் வாரத்திற்கு 18 பாடவேளைகள் கற்பிக்கக் கடமைப்பட்டவர். மரபுவழிப் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கோ எட்டு அல்லது ஒன்பது பாடவேளைகளே. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு உதவிப் பேராசிரியருக்கு விதித்துள்ள வாரம் 16 மணி நேரக் கற்பித்தலோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாடவேளை என்பது முக்கால் மணி நேரமாதலின் இரண்டும் முற்றும் ஒன்றல்ல. ஆயினும் சுமையின் அளவு நமக்குப் புலப்படும். 'கற்பிப்பதற்கே நேரம் போதவில்லை. ஆய்வுக்கு ஏது பொழுது?' என்னும் பெருமூச்சு நம் ஆசிரியர் ஓய்வறைக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

மற்றொரு விதியும் அங்கு உண்டு. இந்நிறுவனங்களில் பேராசிரியராக விரும்புவோர் குறைந்தது ஐந்தாண்டுக் காலம் தொழில் செய்திருத்தல் வேண்டும். அதில் மூன்றாண்டேனும் உயர்கல்விக்கூடத்திற்கு வெளியே பணியாற்றியிருத்தல் வேண்டும். ஆலையில், கட்டுமானக் களத்தில், மருந்துக் கூடத்தில் உழைத்தவர் வகுப்பறைக்குள் வருகிறார். வரும்போது பாடக்குறிப்போடு, தொழிற்களத்தில் தீர்க்கப்படாமல் நின்ற வினாக்களையும் உடன்கொண்டு வருகிறார். அந்நிறுவன ஆய்வுகளின் பன்மைக்கு முதல் வித்து இவ்விதியில் உள்ளது. இனி அவ்வாய்வுகள் சிலவற்றைக் காண்போம்.

ஞாயிற்றின் வெப்பம்: அடுப்பும் கோபுரமும்

யூலிஷ் வட்டாரம் பழுப்பு நிலக்கரிக்குப் பேர்பெற்றது. ஊர்களையே அப்புறப்படுத்திவிட்டு வெட்டப்பட்ட மாபெரும் திறந்தவெளிச் சுரங்கங்கள் அங்கு உள்ளன. அந்நிலக்கரி நாட்டில், 1992ஆம் ஆண்டில், ஞாயிற்றாற்றலை ஆராய்வதற்கென யூலிஷ் ஞாயிற்றாற்றல் நிறுவனத்தை இப்பல்கலைக்கழகம் தொடங்கியது. ரைன் வட்டாரத்தில் நிலக்கரி மின்னாக்கத்தை 2030க்குள் முடித்துக்கொள்ளும் உடன்பாடு 2022இல்தான் எட்டப்பட்டது. அதற்கு முப்பதாண்டு முன்னரே ஆய்வு தொடங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

இந்நிறுவனத்தின் ஆய்வுகளுள் நம் உள்ளத்தைக் கவர்வது சமையலடுப்பு பற்றியது. கிளெமென்ஸ் ஷ்வார்ட்சர் என்னும் பேராசிரியர் தம் குழுவினருடன் வகுத்த ஞாயிற்று அடுப்பு, வழக்கமான பெட்டி அடுப்பினின்றும் வேறானது. பெட்டி அடுப்பில் சமைப்பவர் வெயிலில் நிற்க வேண்டும். பொழுது சாய்ந்தால் அடுப்பும் அணைந்ததாகும். ஷ்வார்ட்சர் அமைப்பில் வெப்பத்தை ஏற்கும் தட்டு மட்டும் வெளியில் இருக்கும். அதனுள் தாவர எண்ணெய் சூடேறும். சூடான எண்ணெய் எடை குறைந்து தானே மேலெழும். குளிர்ந்த எண்ணெய் கீழிறங்கும். ஆதலின் எண்ணெயைச் செலுத்த மின்பொறி தேவையில்லை. மேலெழுந்த எண்ணெய், வீட்டினுள் உள்ள இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தைச் சூழ்ந்து உணவைச் சமைக்கும். கூழாங்கற்கள் நிரப்பிய தொட்டியொன்றை இதனோடு இணைத்தால் பகல் வெப்பம் அதில் தங்கும், மாலையிலும் சமைக்கலாம். புகைக்குள் கண் கலங்கும் பெண்களின் துயரை அறிந்தவர்க்கு இவ்வாய்வின் அருமை சொல்லாமலே விளங்கும்.

உப்பு நீரைக் குடிநீராக்கும் கருவியும் இதே குழுவினரால் ஆராயப்பட்டது. அடித்தட்டில் ஞாயிற்று வெப்பத்தால் எழும் நீராவி, மேல்தட்டின் அடிப்புறத்தில் படிந்து நன்னீராகும். படியும்போது அது வெளிவிடும் வெப்பம் மேல்தட்டிலுள்ள உப்பு நீரைச் சூடாக்கும். அதன் ஆவி அடுத்த தட்டில் படியும். ஒருமுறை பெற்ற வெப்பம் படிப்படியாகப் பலமுறை பயன்படுகிறது.

இச்சிறு கருவிகளுக்கு எதிர்முனையில் நிற்பது யூலிஷ் ஞாயிற்றுக் கோபுரம். செருமானிய விண்வெளி மையம் முதலானவற்றோடு இணைந்து இந்நிறுவனம் வகுத்த தொழில்நுட்பத்தில் 2009இல் அது செயற்படத் தொடங்கிற்று. 60 மீட்டர் உயரமுள்ள கோபுரம். அதன் முன் ஏறத்தாழ 18,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஆடிகள். ஞாயிற்றின் போக்கிற்கேற்பத் திரும்பும் 2,153 ஆடியமைப்புகள் ஒளியனைத்தையும் கோபுர உச்சியில் குவிக்கின்றன. அங்குள்ள நுண்துளைப் பீங்கான் கட்டிகள் அவ்வெப்பத்தை ஏற்க, அவற்றினூடே இழுக்கப்படும் காற்று ஏறத்தாழ 700 பாகை செல்சியசு வரை சூடேறுகிறது. அக்காற்று நீரை ஆவியாக்க, ஆவி சுழலியை இயக்க, 1,500 கிலோவாட் அளவு மின்சாரம் பிறக்கும். முகில் மறைக்கும் வேளைக்கென வெப்பத்தைச் சேமிக்கும் பீங்கான் கிடங்கும் உண்டு. 2011 முதல் இக்கோபுரம் செருமானிய விண்வெளி மையத்தின் ஆய்வுக் களமாயிற்று. ஒரே நிறுவனம், ஒரே ஞாயிற்று வெப்பத்தை, ஏழையின் அடுப்புக்கும் நகரின் மின்கம்பிக்கும் உரியதாக்க முயன்றமை எண்ணி மகிழத்தக்கது.

பால் உறையும் செங்கற்சுவரும்

அடுத்துக் காணும் ஆய்வு கடையில் விற்கும் பால் உறை பற்றியது. நீண்ட நாள் கெடாத பாலும் பழச்சாறும் அட்டை உறைகளில் அடைக்கப்படுகின்றன. அடைக்குமுன் உறையின் உட்புறத்தில் நுண்ணுயிர் எதுவும் இருத்தலாகாது. இதற்கெனச் சூடான ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி உறைக்குள் செலுத்தப்படுகிறது. ஆவி குறைந்தால் கிருமி எஞ்சும். மிகுந்தால் பொருள் வீணாகும். விரைந்து ஓடும் எந்திரத்தினுள் அதன் செறிவை அளப்பது எங்ஙனம்?

மிக்கேல் ஷோனிங் என்னும் பேராசிரியரின் தலைமையில் யூலிஷில் இயங்கிய நுண் மற்றும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கு ஓர் எளிய விடை கண்டது. சிறு சில்லொன்றில் அருகருகே இரு வெப்பமானிகள். ஒன்றின்மேல் மாங்கனீசு டை ஆக்சைடு போன்ற வினையூக்கிப் பூச்சு. மற்றொன்றின்மேல் அது இல்லை. பூச்சுள்ள பக்கத்தில் பெராக்சைடு சிதைந்து வெப்பம் வெளிப்படும். இரு பக்கத்து வெப்ப வேறுபாட்டைக் கொண்டு ஆவியின் செறிவை அறியலாம். தாய்மார் நெற்றியில் ஒரு கையும் தம் கன்னத்தில் ஒரு கையும் வைத்துக் காய்ச்சலை ஒப்பிட்டு அறிவதைப் போன்றது இம்முறை. கருத்து எளிது, அதனைத் தொழிற்கூடத்தில் நம்பத்தக்க கருவியாக்குவதற்கோ ஆண்டுகள் பல தேவைப்பட்டன.

கட்டுமானத் துறையினர் ஆராய்ந்தது செங்கற்சுவரை. கம்பியிட்ட கான்கிரீட் தூண்களையும் விட்டங்களையும் முதலில் எழுப்பி, இடைவெளியில் செங்கல் அடுக்கிச் சுவராக்கும் முறை உலகெங்கும் உள்ளது. கணக்கிடும் பொறியாளர் பெரும்பாலும் அச்சுவரைப் பொருட்படுத்துவதில்லை. அது வெறும் தடுப்பு என்பது எண்ணம். நிலம் அதிரும்போதோ தூண்கள் அசைந்து கொடுக்கின்றன. விறைத்து நிற்கும் சுவர் அசைய மாட்டாமல் வெடிக்கிறது, அல்லது மொத்தமாகச் சரிந்து வீதியில் நிற்போர்மேல் விழுகிறது. 2009இல் இத்தாலியின் லாக்குவிலாவிலும் 2012இல் அந்நாட்டின் எமிலியா வட்டாரத்திலும் நேர்ந்த நிலநடுக்கங்களில் இவ்வழிவு பெரிதாகக் காணப்பட்டது. இப்பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிறிஸ்தோஃப் புட்டன்வெக் பிற நாட்டு ஆய்வாளருடன் இணைந்து கண்ட தீர்வு, தூணுக்கும் சுவருக்கும் இடையே மீள்தன்மையுள்ள பட்டைகளை வைப்பதாகும். சட்டகம் அசையும்போது பட்டை அமுங்கிக் கொடுக்கிறது, சுவர் பிழைக்கிறது, சுவர் வெளிப்புறம் சாயாதவாறும் அப்பட்டையே பிடித்து நிறுத்துகிறது. இரண்டு உறுதியான பொருள்களுக்கிடையே நெகிழ்வான ஒன்றை வைத்தால் இரண்டும் நிலைக்கும் என்பது குடும்ப வாழ்விலும் நாம் காணும் உண்மையே.

குருதியணுவின் வெப்பமானி

உடனடிப் பயன் கருதாத அடிப்படை ஆய்வு இவ்வகை நிறுவனத்தில் நிகழாது என்பார் உளர். அக்கூற்று முற்றும் பொருந்தாது என்பதற்கு யூலிஷில் பேராசிரியர் கெர்கார்ட் ஆர்ட்மனும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு சான்றாகும். மனிதக் குருதியின் சிவப்பணு ஏறத்தாழ ஏழெட்டு மைக்ரோமீட்டர் விட்டமுடையது. அதனை 1.3 மைக்ரோமீட்டர் விட்டமே உள்ள நுண்குழலின் வாயில் உறிஞ்சி இழுத்தால் என்ன நிகழும்? குறைந்த வெப்பநிலையில் அணு குழலை அடைத்து நின்றுவிடுகிறது. வெப்பநிலை 36.4 பாகை செல்சியசைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு உட்செல்கிறது. அணுவினுள் நிறைந்துள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதம் மனித உடல் வெப்பநிலைக்கு மிக அண்மையில் தன் நிலை மாறுவதே இதற்குக் காரணம் என்று அவர்கள் விளக்கினர். மனிதரைவிடக் குளிர்ந்த உடலுடைய ஆஸ்திரேலியப் பிளாட்டிபஸ் விலங்கின் ஹீமோகுளோபினை ஆராய்ந்தபோது, அம்மாற்றம் அவ்விலங்கின் உடல் வெப்பநிலையை ஒட்டியே நிகழக் கண்டனர். உயிரினம் ஒவ்வொன்றின் உடல் வெப்பமும் அதன் குருதிப் புரதத்தில் பதிந்துள்ளது போலும் என்னும் எண்ணத்தை இவ்வாய்வு எழுப்பியது. பெரிய கருவிகளின் துணையின்றி, நுண்குழலும் உருப்பெருக்கியும் பொறுமையும் கொண்டு தொடங்கிய ஆய்வு இது.

பனிக்குள் மூஞ்சூறு, விண்ணில் பெட்டி

வானூர்தி மற்றும் விண்வெளிப் பொறியியல் துறையில் பேராசிரியர் பெர்ன்ட் டாக்வால்டும் மாணவர்களும் வகுத்த 'பனி மூஞ்சூறு' என்னும் கருவி, பனிப்பாறையினுள் உருக்கிக்கொண்டே வழி செய்வது. அதன் சூடான தலை பனியை உருக்கும். தலையில் உள்ள திருகு பனியைப் பற்றி முன்னிழுக்கும். தலையின் ஒரு பக்கத்தை மிகுதியாகச் சூடாக்கினால் கருவி வளைந்தும் செல்லும், மேல்நோக்கியும் ஏறும். 2010இல் சுவிட்சர்லாந்தின் மோர்த்தெராட்ச் பனியாற்றில் இது சோதிக்கப்பட்டது. 2014இல் அண்டார்க்டிகாவின் டெய்லர் பனியாற்றுக்குச் சென்றது. அங்கே இரும்புச் சத்து மிக்க உப்புநீர் செந்நிறமாய்க் கசிந்து வழியும் இடத்திற்கு 'இரத்த அருவி' என்று பெயர். அந்நீர் வெளியே வருமுன், பனிக்குள் இருக்கும்போதே, வெளிக்கிருமி கலவாமல் அதன் மாதிரியை எடுப்பதே பணி. அமெரிக்க ஆய்வாளருடன் இணைந்து அது நிறைவேற்றப்பட்டது. இதன் தொலைநோக்கு சனிக்கோளின் துணைக்கோளான என்செலடசு. அதன் பனிப்போர்வையின் கீழ்க் கடல் உண்டு. 2005இல் காசினி விண்கலம் அங்கிருந்து நீர்த்துகள் பீறிடுவதைக் கண்டது. ஒருநாள் அப்பனியைத் துளைக்க வேண்டுமாயின் கருவி எங்ஙனம் அமைய வேண்டும் என்பதைச் செருமனியின் வேறு பல பல்கலைக்கழகங்களோடு இணைந்து இவர்கள் ஆராய்ந்தனர்.

நம் நாட்டிற்கும் இப்பல்கலைக்கழகத்திற்கும் உள்ள தொடர்பொன்றை ஈண்டுச் சுட்டுதல் தகும். இத்துறையின் மாணவர்கள் பத்துச் செண்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரப் பெட்டி வடிவில் 'காம்பசு-1' என்னும் சிறு செயற்கைக்கோளை உருவாக்கினர். ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த எடை. உள்ளே ஒரு சிறு ஒளிப்படக் கருவி. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த பி.எஸ்.எல்.வி. சி-9 ஏவுகலம் அதனை விண்ணில் சேர்த்தது. நம் நாட்டின் கார்ட்டோசாட்-2ஏ, ஐ.எம்.எஸ்-1 ஆகிய இரண்டோடு, அயல்நாடுகளின் சிறு கோள்கள் எட்டும் அன்று ஏறின. அவ்வெட்டில் ஒன்று இம்மாணவர்களின் பெட்டி. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலிருந்து எழுந்த நெருப்பில், பட்டம் முடிக்காத மாணவர்களின் கைவேலையும் சென்றது என்பதை நம் மாணவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தானே இயங்கும் எந்திரன்களை ஆராயும் பிரிவும் அங்கு உண்டு. அப்பிரிவினர் அண்டையிலுள்ள பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் குழுவினரோடு ஓரணியாகச் சேர்ந்து, ஆலைக்குள் பொருள்களை எடுத்துச் சேர்க்கும் எந்திரன்களுக்கான உலகப் போட்டியில் 2014, 2015, 2016 ஆகிய மூன்றாண்டுகளும் வாகை சூடினர். ஆலமரமும் செடியும் ஒரே தோட்டத்தில் கைகோத்து நிற்றல் இயலும் என்பதற்கு இதுவே சான்று.

பன்மைக்குரிய காரணங்கள்

அடுப்பு, பால் உறை, செங்கற்சுவர், குருதியணு, பனியாறு, செயற்கைக்கோள் என இவற்றை ஒருசேர நோக்குவார்க்கு, 'இஃது என்ன கதம்பம்?' என்னும் ஐயம் எழலாம். நுணுகி நோக்கின் இக்கதம்பத்தினுள் ஒரு நார் ஓடுவது தெரியும்.

முதலாவது, ஆய்வுப் பொருள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய இடர்ப்பாட்டிலிருந்தோ, கண்முன் நிகழ்ந்த வியப்பிலிருந்தோ பிறந்துள்ளது. பால் அடைப்பவர் கேட்டார். சுவர் இடிந்த ஊர் கேட்டது. குழலில் சிக்கிய அணுவே கேட்டது. இடர்கள் பலவாதலின் ஆய்வுகளும் பலவாயின.

இரண்டாவது, மாணவர் பங்கு. இவ்வகை நிறுவனங்களில் பலர் தம் பட்ட இறுதிப் பணியைத் தொழிற்கூடங்களில் மேற்கொள்கின்றனர். ஆய்வு என்பது கற்பித்தல் முடிந்தபின் எஞ்சும் பொழுதில் ஆசிரியர் தனித்துச் செய்வதன்று. கற்பித்தலின் ஒரு பகுதியாகவே மாணவரோடு சேர்ந்து செய்வது. 18 பாடவேளைச் சுமைக்கிடையே ஆய்வு உயிர்வாழ்வதன் மறைபொருள் இதுவே.

மூன்றாவது, கூட்டு. மேற்கண்ட ஆய்வுகளுள் பெரும்பாலானவை பிற நிறுவனங்களோடு கூடிச் செய்தவை. தம்மிடம் இல்லாத கருவியையும் ஆளையும் அண்டையாரிடம் கேட்டுப் பெற அவர்கள் நாணவில்லை.

நான்காவது, பதிவு. நூல், இதழ்க் கட்டுரை, கருத்தரங்க உரை, காப்புரிமை ஆகிய வெளியீடுகளைத் துறை வேறுபாடின்றி ஒரே பட்டியலில் அப்பல்கலைக்கழகம் தொகுத்துவருகிறது. அங்கே செங்கற்சுவர் பற்றிய கட்டுரையும் சனிக்கோளின் துணைக்கோள் பற்றிய கட்டுரையும் அருகருகே இடம்பெறுகின்றன. தனித்தனி ஆசிரியரின் உழைப்பாய்ச் சிதறிக் கிடப்பவை, ஓர் ஏட்டில் சேர்ந்தபின்னரே ஒரு நிறுவனத்தின் ஆய்வு என்னும் வடிவத்தைப் பெறுகின்றன. அடுத்து வரும் மாணவன் எங்கிருந்து தொடங்குவது என்பதை அவ்வேடே அவனுக்குக் கூறுகிறது.

குறைகளும் ஐயங்களும்

நிறைகளை மட்டும் கூறிக் குறைகளை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. நெடுங்காலம் இவ்வகை நிறுவனங்களுக்கு முனைவர் பட்டம் வழங்கும் உரிமை இல்லை. அங்கே ஆய்வு செய்தவரும் பட்டத்திற்காக மரபுவழிப் பல்கலைக்கழகத்தின் வாயிலில் நிற்க வேண்டியிருந்தது. எசன் மாநிலம் 2016இல் ஃபுல்டா நகர நிறுவனத்திற்கு இவ்வுரிமையை முதன்முதலாக அளித்தது. ஆகன் அமைந்துள்ள வடரைன்-வெசுட்ஃபாலியா மாநிலத்தில், இந்நிறுவனங்கள் கூடி அமைத்த பொது முனைவர் கல்லூரிக்கு 2022இல்தான் உரிமை கிட்டிற்று.

இன்னொரு குறை ஆழமானது. தொழிலகங்கள் கேட்கும் வினாவுக்குப் பொருளுதவி எளிதில் வரும். பொருளற்றவர் கேட்கும் வினாவுக்கு யார் ஈவர்? பால் உறைக்குக் கருவி செய்தால் வாங்க ஆலை உண்டு. ஏழையின் அடுப்புக்குக் கருவி செய்தால் வாங்க வேண்டிய ஏழையிடம் பணமில்லை. ஊரின் தேவையே ஆய்வின் ஊற்று என்று நாம் கூறும்போது, 'ஊரில் யாருடைய தேவை?' என்னும் வினாவையும் உடன் எழுப்ப வேண்டும். விலை கொடுக்க இயலாதவரின் வினாவை எடுத்துக்கொள்வதே கல்வி நிறுவனத்தின் தனிக்கடமை. அவ்வகையில் யூலிஷின் கோபுரத்தினும் அதன் அடுப்பே நம் கண்ணுக்கு உயர்ந்து தோன்றுகிறது.

முடிவுரை

தமிழ்த்துறைக்கும் பனி மூஞ்சூற்றுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கேட்கலாம். கருவியில் தொடர்பு இல்லை; முறையில் உண்டு. நம்மைச் சூழ்ந்துள்ள ஊரிலும் விடை காணாத வினாக்கள் பல உள. தோல் பதனிடும் தொழிலாளர் தம் வேலைக்குரிய பொருள்களையும் செய்கைகளையும் என்னென்ன சொற்களால் குறிக்கின்றனர்? நம் பாட்டிமார் தாலாட்டில் வழங்கும் அரபுச் சொற்கள் எத்தனை? வீட்டுப் பேழைகளில் செல்லரிக்கும் அரபுத்தமிழ் ஏடுகளில் இருப்பது என்ன? இவற்றை ஆராய ஞாயிற்றுக் கோபுரம் வேண்டா; குறிப்பேடும் பொறுமையும் போதும். இவ்வினாக்களைக் கேட்பவரிடம் பொருள் இல்லை; ஆதலின் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைத்து அமைகின்றோம். மாணவர்களுக்கு: நும் ஊர்த் தெருவிலிருந்து ஆண்டுக்கு ஒரு வினாவேனும் வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். ஆசிரியத் தோழர்களுக்கு: நம் துறையில் இதுவரை எழுதப்பெற்ற ஆய்வேடுகள், மாணவர் கட்டுரைகள், கருத்தரங்க உரைகள் ஆகிய அனைத்தையும் ஒரே பதிவேட்டில் சேர்ப்போம். ஒவ்வொன்றின் கீழும் அதன் சாரத்தை, தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் புரிந்துகொள்ளும் எளிய நடையில், பத்து வரிக்கு மிகாமல் எழுதுவோம். பெரியோர்களுக்கு: எங்களிடம் தயங்காமல் வினவுங்கள்; உங்கள் நினைவில் உள்ளவற்றை எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்.

அன்று வினவிய பெரியவருக்கு நாம் உடனே விடை கூறவில்லை. சில நாள் கழித்து, நம் ஆய்வேட்டின் சாரத்தை நான்கு பக்கத்தில் எளிமையாக எழுதி அவர் வீட்டிற்கு எடுத்துச் சென்றோம். மூக்குக் கண்ணாடியை அணிந்து முழுவதும் படித்தார். மூன்றாம் பக்கத்தில் நாம் பொருள் பிழையாக எழுதியிருந்த தொழிற்சொல் ஒன்றைச் சுட்டித் திருத்தினார். நெறியாளரும் தேர்வாளரும் காணாத பிழை அது. அப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் அத்திருத்தம் இடம்பெறும்.